கம்பிக்குப் பயந்த காட்டுமாடு

அன்னக்கொடி கண் விழித்ததும் முதலில் காதைத் தீட்டிக்கொள்வாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மூச்சை விட்டு இழுப்பதற்குள் இன்னொரு 'டக்'. அது கேட்டால் வேலியில் கரண்டு ஓடுகிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் கம்பளியை விலக்கிவிட்டு அடுப்புப் பக்கம் போவாள்.

கொடைக்கானல் மலையில் பூண்டி ஊரைத் தாண்டி, கிளாவரை போகிற ரோட்டுக்குக் கீழே, சரிவில் படி படியாக இறங்குகிறது அவர்கள் தோட்டம். மேல் படிகளில் கேரட், கீழ்ப் படிகளில் பூண்டு. வீடும், கேரட்டைக் கழுவி மூட்டை பிடிக்கிற தகரச் செட்டும் மேலே, வேலிக்கு உள்ளேயே இருந்தன. மூன்று பக்கமும் காடு. கடைசிப் படிக்கு அப்பால் பாறை செங்குத்தாக இறங்கி ஓடையில் முடியும். அந்தப் பக்கமாக ஆளும் ஏற முடியாது, மாடும் ஏற முடியாது.

வேலியைப் போட்டது அவள் கொழுந்தன் அஜித்குமார். சோலார் தகடு, பேட்டரி, பெட்டி, கம்பி எல்லாவற்றையும் தானே இறக்கி, தானே முடுக்கினான். யார் வந்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் விடமாட்டான். கேட்டுக் கேட்டு அன்னக்கொடிக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. பெட்டிக்குள் கரண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நிறைந்ததும் ஒரே சொடுக்கில் கம்பியில் பாயும். அதுதான் அந்த 'டக்'. பாய்ந்த கரண்டு திரும்பிப் பெட்டிக்கு வர ஒரு வழி வேண்டும். மாடு தன் ஈர மூக்கால் கம்பியைத் தொட்டால் வழி கிடைத்துவிடும். மூக்கில் ஏறி, உடம்பில் ஓடி, குளம்பு வழியாக ஈர மண்ணில் இறங்கி, வீட்டுக்குப் பின்னால் புதைத்திருக்கும் எர்த் கம்பியைப் பிடித்துப் பெட்டிக்கு வந்து சேரும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் உயிர் போகாது. ஆனால் அந்த வலியை மாடு மறக்கவே மறக்காது.

"ஒரு டன்னு எடை மதினி அது. இந்த நூல் தண்டிக் கம்பியா அதை நிறுத்தும்?" என்று கேட்பான். "நிறுத்துறது பயம். நான் வேலி போட்டது நம்ம தோட்டத்தைச் சுத்தி இல்ல, மாட்டோட மண்டைக்குள்ள."

"அப்ப ஒங்க மண்டைக்குள்ளயும் ஒண்ணு போட்டு விடணும் தம்பி. ராத்திரியெல்லாம் போனைப் பாத்துட்டு வெள்ளனே எந்திரிக்க மாட்டேங்கிறீங்க."

"அதுக்குத்தான் ஒரு அண்ணியாரைக் கொண்டாந்து வச்சிருக்கோம்ல."

அவன் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். கொம்பில் கரண்டு ஏறாது. மூக்கை நீட்டாமல் கொம்பால் கம்பியைத் தள்ளலாம் என்று ஒரு மாட்டுக்குத் தெரிந்துவிட்டால், அன்றோடு வேலி வெறும் கொடிக்கம்பிதான், துணி காயப் போடலாம் என்பான்.

அந்தத் தோட்டத்துக்கு வழக்கமாக வருகிற மாடு ஒன்று உண்டு. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிற கிழட்டுக் காளை. எண்ணெய் தடவியது போன்ற கருத்த உடம்பு, முட்டிக்குக் கீழே வெள்ளை, முதுகில் மலைமுகடு மாதிரி திமில். விடிந்ததும் வேலிக்கு வெளியே வந்து நின்று, ஒவ்வொரு படியாகப் பார்த்துவிட்டுப் போகும். வேலைக்கு ஆள் வந்தார்களா என்று பார்க்க வருவதுபோல இருக்கிறது என்று முத்துராஜ் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தான். முத்துராஜ், அன்னக்கொடியின் புருஷன். போன கோடையில் மேனேஜர், தோட்ட வாசலில் கேட்டாகக் கட்டியிருக்கும் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தது. அன்று அது அலறிய சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். அதிலிருந்து கம்பிக்கு ஆள் உயர இடைவெளி விட்டுத்தான் நிற்கும். இடையில் பேட்டரி பழுதாகிப் பல நாள் கரண்டே ஓடாதபோதுகூடக் கிட்டே வரவில்லை.

கேரட்டில் கிள்ளிப் போடுகிற தழையையும் உடைசலையும் வேலிக்கு வெளியே பள்ளத்தில் கொட்டுவது அவர்கள் வழக்கம். மேனேஜர் அதைத் தின்னும். தின்னட்டும், வயிறு நிறைந்தால் உள்ளே வரத் தோன்றாது என்று முத்துராஜ் நினைத்தான். கேரட் ருசியை அதற்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் நினைக்கவில்லை.

ஐப்பசி அடைமழை. முத்துராஜ் முந்தின நாள் சாயங்காலமே பிக்அப்பில் கேரட் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்விட்டான். மழை கொட்டியதால் தழையை வெளியே கொண்டுபோகவில்லை. "ஒரு நாளுதானே, கெடக்கட்டும்" என்று சொல்லி, செட்டுக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போயிருந்தான்.

காலையில் அன்னக்கொடி விழித்தபோது 'டக்' கேட்டது. ஆனால் அஜித்குமார் பெட்டியின் முன்னால் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான்.

"பெட்டி ஓடுது. ஆனா கம்பியில கரண்டு நிக்கலை மதினி. எங்கயோ மண்ணுல எறங்குது."

இருவரும் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலியோரமாகவே நடந்தார்கள். மேகம் தரையோடு இறங்கியிருந்தது. முன்னால் போகிறவனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மேல் மூலையில் மண்திட்டு சரிந்து கம்பியின் மேல் விழுந்து கிடந்தது. கம்பியே தெரியாதபடி மண் மூடி, காட்டிலிருந்து தோட்டத்துக்குள் ஒரு பாதை போட்டதுபோல இருந்தது.

அஜித்குமார் மண்வெட்டியை எடுத்தான். சேற்றை வெட்டி வெட்டி இரண்டு பக்கமும் தள்ளினான். அந்தச் சேற்றின் மேல் என்ன தடம் இருந்தது என்று குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. கம்பியை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்கிற அவசரம். முதல் வெட்டிலேயே தடமெல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காட்டுமாடு மூக்கால் காற்றைத் தள்ளுகிற சத்தம். கிட்டத்தில்தான் கேட்டது.

"மேனேஜர் வந்துட்டாரு! வெரசாக் கட்டுங்க தம்பி!" என்றாள் அன்னக்கொடி, வேலிக்கு வெளியே இருந்த வெள்ளை மேகத்தைப் பார்த்துக்கொண்டே.

மேகத்துக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. ஆனால் மேனேஜர் என்றால் வெளியேதான் என்று அவள் காது பழகியிருந்தது. அஜித்குமார் கம்பியை இழுத்துக் கட்டி, கம்பத்தை நிமிர்த்தி மிதித்தான். சோதிக்கிற கருவியைக் கம்பியில் வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இப்ப ஒரு எலி நுழையட்டும் பாப்போம்" என்றான்.

பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிப் படிக்கு இறங்கினான். பூண்டுப் பாத்தியில் தண்ணீர் நின்றால் ஒரே நாளில் வேர் அழுகத் தொடங்கிவிடும். வடிகாலை வெட்டிவிட வேண்டும். அன்னக்கொடி உலை வைத்துவிட்டு, தழையை வாரலாம் என்று கூடையோடு செட்டுக்குப் பின்னால் போனாள்.

குவியல் பாதிதான் இருந்தது. மீதி இழுத்துச் சிதறிக் கிடந்தது. பக்கத்தில் சாணி. அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். வேலி எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். மறுபடியும் சாணியைப் பார்த்தாள்.

"தம்பி! தம்பீ! மேல வாங்க! உள்ள நிக்குது!"

கீழேயிருந்து, "என்ன மதினி?" என்று அஜித்குமாரின் குரல் உரக்க வந்தது. அந்தக் குரல் அடங்குவதற்குள் கற்கள் உருளும் சத்தம். மண்வெட்டி பாறையில் பட்டுக் கணீரென்றது. ஒரு கனத்த மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

காட்டுமாடு கோபம் வந்தவுடன் பாயாது. முதலில் பக்கவாட்டில் திரும்பி நின்று, தான் எவ்வளவு பெரியது என்று காட்டும். கொடைக்கானலுக்கு வருகிற டூரிஸ்டுகள், அது திரும்பிப் போகப் பார்க்கிறது என்று நினைத்து போனை நீட்டிக்கொண்டு கிட்டே போவார்கள். மலைக்காரர்கள் அப்படியே பின்வாங்கிவிடுவார்கள். ஆனால் திரும்பி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. அஜித்குமார் மேகத்துக்குள் இருந்தான். மாடும் மேகத்துக்குள் இருந்தது. அவனுக்கு எச்சரிக்கை கிடைக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் வந்தது. "மதினி... தொடையில குத்திருச்சு. துண்டை வச்சுக் கட்டிட்டேன். படிக்கல்லு ஓரமாக் கெடக்கேன். எறங்கிராதீங்க. பாத்தியிலயே நிக்குது."

அவள் போனை எடுத்தாள். புருஷன் எடுக்கவில்லை. வனத்துறைக்குச் சொன்னாள், உடனே கிளம்புவதாகச் சொன்னார்கள், ஆனால் மன்னவனூர்ப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது, அறுத்துத் தள்ளினால்தான் வண்டி வரும். அடுத்த தோட்டத்து ஆண்டிச்சாமிக்குச் சொன்னாள். அவர் ஓடியே வந்துவிட்டார், கையில் வெடிக்கட்டோடு. மாட்டை விரட்ட அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் வெடி இருக்கும்.

"தள்ளி நில்லுத்தா. ஒரு போடு போட்டா மலையை விட்டே ஓடிரும்" என்றார்.

வெடி மலை முழுக்க எதிரொலித்தது. மாடு ஓடியது. படிக்கற்கள் சரிய, தரை அதிர, அது மேலே ஏறி வருவது காலடியில் தெரிந்தது. மேகத்திலிருந்து கருத்த உருவம் புடைத்துக்கொண்டு வந்து, நேராக மேல் மூலை வேலியில் போய் மோதியது. மார்பு கம்பியில் பட்ட அதே நேரம் 'டக்'.

அந்த அலறலை அன்னக்கொடி போன கோடையில் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டாள். மாடு வந்த வேகத்திலேயே திரும்பி, வந்த வழியே கீழே பாய்ந்தது. அஜித்குமார் கிடக்கிற படிக்கு.

"ஐயோ!" என்றார் ஆண்டிச்சாமி.

"தம்பி?"

"தாண்டிப் போயிருச்சு... எம் மேல கால் வைக்கலை. மேனேஜருக்கு இன்னைக்கு மூடு சரியில்ல மதினி. வெடி போடாதீங்க."

அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. வெடி போட்டால் மாடு ஓடும். ஓடினால் வேலியில் அடி வாங்கும். அடி வாங்கினால் வலியில்லாத ஒரே திசைக்குத் திரும்பும். அந்தத் திசையில்தான் அவன் கிடக்கிறான். மாடு வராமல் இருக்கப் போட்ட வேலி, இப்போது மாடு போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அவள் வீட்டுக்குள் ஓடிப் பெட்டியை நிறுத்தினாள். 'டக்' நின்றது. வீடு ஒரேயடியாகச் செத்ததுபோல் ஆனது. கேட்டுக் கம்பிகளைக் கொக்கியிலிருந்து கழற்றி ஓரமாகச் சுருட்டிப் போட்டாள். ஒரு லாரி போகிற அகலத்துக்கு வழி திறந்து கிடந்தது. இருவரும் வீட்டு மறைவில் காத்திருந்தார்கள்.

மாடு வந்தது. வெளியே போகத்தான் வந்தது. தலையைத் தாழ்த்தி, காதை முன்னால் விறைத்துக்கொண்டு, கேட்டை நோக்கி நடந்தது. கம்பி இருந்த இடத்துக்கு ஆள் உயர இடைவெளி இருக்கையில் நின்றது. மூக்கை நீட்டாமலே மோந்து பார்த்தது. அங்கே கம்பி இல்லை. ஆனால் வலி வாங்கிய இடம் அங்கேயேதான் இருந்தது. தோல் முழுக்க ஒருமுறை நடுங்கியது. திரும்பிப் படியிறங்கியது.

"வேலியை அத்தனையும் வெட்டி எறிஞ்சிருவோமா?" என்று கிசுகிசுத்தார் ஆண்டிச்சாமி.

"எறிஞ்சாலும் போகாது மாமா. வேலி கம்பியில இல்ல. அதோட மண்டைக்குள்ள இருக்கு."

சொல்லும்போதே என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. கீழே கிடப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்க நினைத்தாள்.

"தம்பி, கம்பி கடிக்காதுன்னு அதுக்குக் காட்டப் போறேன்."

கீழேயிருந்து, "காட்டிட்டா... அப்புறம் எப்பவுமே நிக்காது மதினி" என்றான். குரல் மெலிந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, "துண்டு முழுக்க நனைஞ்சுருச்சு" என்றான்.

அவள் கூடையை எடுத்தாள்.

சுருட்டிப் போட்ட கம்பிகளை மறுபடி கேட்டில் மாட்டினாள், ஆனால் தொளதொளவென்று, கீழே தொங்கும்படி. செட்டிலிருந்து தழையைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்து கம்பியின் மேலேயே போர்த்தினாள். நல்ல கேரட்டையும் வாரிக்கொண்டு வந்து நடுநடுவே செருகினாள். மூக்கு கம்பியில் படாமல் ஒரு வாய்கூடத் தின்ன முடியாத மாதிரி. அங்கிருந்து கீழ்ப் படி வரைக்கும் தழையைத் தூவிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஆண்டிச்சாமி வருகிறேன் என்றார். "ஒங்களுக்கு மூச்சு எளைக்கும், அது கேக்கும்" என்று சொல்லிவிட்டு அவளே போனாள்.

பூண்டுப் படிக்கு மேல் படியில் அவள் குனிந்து கடைசிக் கைப்பிடியைப் போடும்போது மேகம் சற்று விலகியது. மாடு அங்கேயே நின்றது. முழு உடம்பையும் பக்கவாட்டில் காட்டி, திமிலைத் தூக்கி நின்றது. ஒரு கொம்பின் நுனி சிவந்திருந்தது. ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்தது.

அவள் நிமிரவில்லை. முதுகைக் காட்டவும் இல்லை. குனிந்த மேனிக்கே காலை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்து வைத்தாள். கூடை கையிலிருந்து நழுவியது, விட்டுவிட்டாள். மாடு கூடையைப் பார்த்தது. மோந்தது. தின்னத் தொடங்கியது.

வீட்டு மறைவுக்கு அவள் வந்து சேர்ந்ததும் ஆண்டிச்சாமி அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மாடு தின்றுகொண்டே ஏறி வந்தது. கேட்டருகே நின்றுவிட்டது. தழைக்கும் அதற்கும் நடுவே அந்த ஆள் உயர இடைவெளி. வெகுநேரம் நின்றது. கழுத்தை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. ஈர மூக்கு தழையைத் தொட்டது. தழைக்குள் இருந்த கம்பியைத் தொட்டது. அடி விழுவதற்கு முன்பே அதன் தோல் சுருங்கித் துடித்தது. அடி விழவில்லை.

இன்னொரு முறை தொட்டது. இந்தத் தடவை வேண்டுமென்றே.

பிறகு நிதானமாகத் தின்றது. கம்பி அதன் உதட்டில் உரசியது, தாடையில் உரசியது. தின்று முடித்ததும் கொம்பால் கம்பியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தது. தூக்கிய கம்பி அறுந்து, கம்பம் பெயர்ந்தது. மாடு அதைக் கீழே போட்டு மிதித்து வெளியே நடந்தது. காட்டுக்குள் உடனே மறையவில்லை. வெளியே நின்று, விழுந்து கிடந்த கம்பியைத் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனது.

பூண்டியிலிருந்து வந்த ஆட்கள் அஜித்குமாரைக் கம்பளியில் போட்டுத் தூக்கி ஒரு ஜீப்பில் ஏற்றினார்கள். மன்னவனூர் ரோட்டில் விழுந்து கிடந்த மரத்துக்கு மேலாக அவனைக் கைமாற்றி, அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்ஸில் படுக்க வைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, காலைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்று மதுரையில் டாக்டர் சொன்னதாகச் சேதி வந்தது.

முத்துராஜ் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியைப் பார்த்து, சித்தப்பா மகனைத் துணைக்கு வைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வீடு வந்தான். இருட்டுவதற்குள் கேட்டுக் கம்பத்தை நட்டுக் கம்பியை முறுக்கிக் கட்டினான். பெட்டியைப் போட்டான். 'டக்.'

"இனிமே அது நிக்காதுங்க" என்றாள் அன்னக்கொடி.

"பச்சை லைட்டு எரியுது. கம்பியில கரண்டு நிக்குது. அப்புறம் என்ன நிக்காது? வந்தா வாங்கிட்டுப் போகட்டும்."

"மூக்கை வச்சாத்தானே வாங்கும்."

"பயந்து போயிருக்க நீ. கஞ்சியைக் குடிச்சிட்டுப் படு."

விடிந்ததும் அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைசிப் படிக்குப் போனான். தம்பி பாதியில் விட்ட வடிகால். பூண்டுப் பாத்தியில் இன்னும் தண்ணீர் நின்றது. மேகம் முந்தாநாளைப் போலவே இறங்கியிருந்தது. கீழேயிருந்து ஈர மண்ணில் மண்வெட்டி இறங்குகிற 'சதக்' சத்தம் வந்தது.

போன் அடித்தது. அஜித்குமார்.

"மதினி, வேலி ஓடுதா?"

கூடத்தில் 'டக்' என்றது. "கேட்டுச்சா தம்பி? ஓடுது."

"மேனேஜரு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்து நின்றுவிட்டாள். செட்டுக்குப் பின்னால், மிச்சக் கேரட் தழை கிடந்த இடத்தில், யாரோ ஈரத் துணியைக் கிழிப்பதுபோல மெதுவாக, ஒரே சீராக ஒரு சத்தம். போனை அணைக்காமலே கீழே வைத்தாள். ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். கேட்டுக் கம்பம் சாய்ந்து கிடந்தது. கம்பி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது, ஒரு ஆள் கையால் ஒதுக்கியதுபோல. பெட்டி 'டக்' 'டக்' என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தின்னுகிற சத்தம் நின்றது. குளம்புச் சத்தம் படியிறங்கத் தொடங்கியது.

கத்துவதற்கு அவள் வாய் திறந்தது. கத்தினால் முத்துராஜும் தம்பியைப் போலவே, "என்ன?" என்று கேட்பான். குரல் வந்த இடம் மாட்டுக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள். போய்ப் பெட்டியை நிறுத்தினாள். கேட்டில் மிச்சமிருந்த கம்பியையும் கழற்றி எறிந்தாள். கூடை நிறையத் தழையை அள்ளிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, படி விளிம்பில் வந்து நின்றாள்.

கீழே எல்லாம் வெள்ளை. காதைத் தீட்டிக்கொண்டாள்.

'சதக்.'

மூச்சை விட்டாள். இழுத்தாள். அடுத்த மண்வெட்டிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினாள்.